ஒப்பனைக் கல்வியும் அதன் ஊதியமும்

ஒரு தொழிலைக் கற்கப் புகுவார் முதற்கண் ஆராயத்தக்கது அத்தொழிலின் பெருமையன்று. கற்றற்கு ஆகுஞ் செலவும், கற்றபின் எய்தும் பயனுமேயாம். தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் திருவள்ளுவர் மூன்று பொருளை எண்ணுமாறு பணித்தனர். வினையைத் தொடங்குங்கால் கையினின்று கழிவது எவ்வளவு, அதனால் உடனே கைக்கு வருவது எவ்வளவு, வந்தது வளர்ந்து பிற்காலத்தே தரும் ஊதியம் எவ்வளவு என்பன அம்மூன்றுமாம். கோபுரங் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பாராதவன் பிறர் நகைக்கு ஆளாவான் என்னும் விவிலிய உவமையும் இக்கருத்தினதே. இவையிரண்டும் நாம் பள்ளிப்பருவந்தொட்டு அறிந்தவை. ஆயினும், பென்சிலும் கையுமாக அமர்ந்து அவற்றை ஒரு வீட்டின் கணக்கிற்குப் பயன்படுத்தியது சென்ற கோடை விடுமுறையிலேதான். அக்கணக்கை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வாழ்வது ஆவடி. நம் தெருவில் ஒரு குடும்பம் உளது. தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். தாயார் அப்பேட்டையிலேயே ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்சாலையில், மக்கள் எக்ஸ்போர்ட் கம்பெனி என வழங்கும் இடத்தில், 14 ஆண்டுகளாகத் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பவர். அவர்தம் மூத்த மகள் அரசுப் பள்ளியில் 12-ஆம் வகுப்புத் தேறியவள். நமக்கு இளமைதொட்டே அறிமுகமானவள். மே மாதத்தில் ஒருநாள் அவள் அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்றைக் கொணர்ந்து காட்டினாள். அழகுக்கலைப் பள்ளி ஒன்று, அதன் பெயர் ஈண்டு வேண்டா, மூன்று மாதத்தில் முழுத்தொழிலும் கற்பித்துச் சான்றிதழும் வேலையும் அளிப்பதாக அதிற் கண்டிருந்தது. கட்டணம் 90,000 ரூபாய். தாயார் தம் கழுத்திற் கிடந்த மூன்று சவரன் சங்கிலியை அடகு வைக்க ஒருப்பட்டிருந்தனர். “அக்கா, இதிற் சேரலாமா?” என்பதே அவள் வினா.

நாம் தமிழ் பயில்வோமேயன்றி வாணிகம் பயில்வோமல்லோம். ஆயினும் அவ்வினாவைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. அச்சங்கிலி அவ்வீட்டின் ஒரே சேமிப்பு என்பதை நாம் அறிவோம்.

தொழிலின் தொன்மையும் இன்றைய நிலையும்

ஒப்பனைத் தொழில் நம் நாட்டிற்குப் புதிதன்று. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தலால் அதற்கு ஐம்பால் என்னும் பெயர் பண்டை நூல்களில் வழங்குகின்றது. மாதவியின் கூந்தலுக்கு அமைந்த நன்னீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியது எனச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை எண்ணிட்டு உரைத்தலை இலக்கிய மாணவர் அறிவர். அப்பொருள்களை அளவறிந்து ஊறவைத்த கைகள் யாருடையன என்று நாம் வினவுவதில்லை. ஒருவர் கற்பிக்க ஒருவர் கற்றாலன்றி அவ்வளவு நுட்பம் கைக்கு வாராது.

பிற்காலத்தில் முடிதிருத்துந் தொழில் ஒரு குலத்தார்க்கே உரியதென ஒதுக்கப்பட்டது. அக்குலத்து ஆடவர் புண்ணுக்கு மருந்திட்டனர். மகளிர் ஊரார் மகப்பேற்றிற்குத் துணை நின்றனர். மருத்துவர், மருத்துவச்சி என அவரை வழங்கியது அதனாலாயிற்று. அவர் கைத்திறனைப் பெற்றுக்கொண்ட ஊர் அவர்க்கு நெல் அளந்ததேயன்றி மதிப்பு அளக்கவில்லை. இன்று அதே கத்தரியைப் பிடிக்கக் கற்றற்குப் பிறர் பெருந்தொகை கட்டி வரிசையில் நிற்கின்றனர். தொழிலைப் பிறப்பினின்று பிரித்தது நன்மையே. ஆயினும், கட்டணம் உயர்ந்தமையாலேயே கல்வியும் உயர்ந்துவிட்டது என எண்ணுதல் பிழையாகும்.

சென்னையில் 2000-ஆம் ஆண்டில் நேச்சுரல்ஸ் நிலையம் தொடங்கப்பெற்றுப் பல ஊர்களிலும் கிளை பரப்பியது. அதனைப் போன்ற தொடர்நிலையங்களால், சம்பளத்திற்கு அமர்ந்து செய்யும் வேலையாக இத்தொழில் பலர்க்கும் அறிமுகமாயிற்று. நம் பக்கத்திலோ, அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடிக் கடைத்தெருவிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் தொடர்நிலையம் ஒன்றெனின், மாடிப்படிக்கு மேல் ஒற்றையறையில் ஒரு பெண்மணி தாமே நடத்தும் பியூட்டி பார்லர் பல. கற்றவர் சேரும் இடம் இவ்விரண்டனுள் ஒன்றே. இதனை மனத்திற்கொண்டு கணக்கிற்குள் புகுவோம்.

முதலாவது: கழிவது

துண்டுத்தாளிற் கண்டது 90,000 ரூபாய். நேரிற் சென்று கேட்டபோது, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி தனி என்றனர். அது 16,200 ரூபாய். சீப்பு, கத்தரி, தூரிகை, களிம்பு முதலியன அடங்கிய கருவிப் பெட்டியை அவர்களிடமே வாங்குதல் வேண்டும். அது 15,000 ரூபாய். ஆகப் பள்ளிக்குச் செல்லுந்தொகை 1,21,200 ரூபாய். துண்டுத்தாள் சொன்னதைக் காட்டிலும் இது 31,200 ரூபாய் மிகுதி. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதந்தொட்டு மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வாய்த்தமையின், வழிச்செலவை நாம் சேர்த்திலோம்.

கழிவது இத்துடன் முடிந்ததோவெனின், இல்லை. அப்பெண் பள்ளிக்குச் செல்லாது தாயாரோடு கம்பெனிக்குச் சென்றிருப்பின், மாதம் 12,000 ரூபாய் ஈட்டியிருத்தல் கூடும். மூன்று மாதத்திற்கு 36,000 ரூபாய். கையினின்று கொடுத்தது மட்டும் செலவன்று. கைக்கு வரவேண்டியது வாராமையும் செலவே. இரண்டுங் கூட்ட 1,57,200 ரூபாய் ஆகின்றது. அடகுக் கடைக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியெனினும், பள்ளிக்குக் கொடுத்த தொகைக்கே ஆண்டுக்கு 14,500 ரூபாய்க்கு மேற்படும். அதனை இப்பொழுது தனியே நிறுத்துவோம்.

இரண்டாவது: வருவது

நாம் அம்பத்தூரிலும் திருமுல்லைவாயிலிலும் நான்கு நிலையங்களில் உசாவினோம். புதிதாகக் கற்று வந்தவர்க்கு மாதம் 10,000 ரூபாய் அளவிலும், ஓராண்டு கை பழகியபின் 15,000 ரூபாய் அளவிலும் தருவதாகக் கூறினர். ஆகவே, முதலாண்டில் அவள் கம்பெனிக்குச் சென்றிருந்தால் பெறுவதைக் காட்டிலும் மாதம் 2,000 ரூபாய் குறைவாகவே பெறுவள். ஆண்டிற்கு 24,000 ரூபாய் குறையும். முன்னைய தொகையோடு இதனையுங் கூட்ட, 1,81,200 ரூபாய் ஆயிற்று.

இரண்டாமாண்டிலிருந்து மாதம் 3,000 ரூபாய் மிகுதி; ஆண்டிற்கு 36,000 ரூபாய். இம்மிகுதியைக் கொண்டே 1,81,200 ரூபாயை ஈடுசெய்தற்கு ஐந்து ஆண்டுகள் வேண்டும். முதலாண்டையும் சேர்த்தால் ஆறு. வட்டியைச் சேர்த்தால் இன்னும் நீளும். மூன்று மாதக் கல்விக்கு ஆறாண்டு உழைத்துக் கடன் தீர்த்தல் என்பது துண்டுத்தாளில் இல்லாத செய்தி.

மூன்றாவது: வளர்வது

இத்துடன் நிறுத்தின் இத்தொழில் எவர்க்கும் ஆகாததெனத் தோன்றும். அஃது உண்மையன்று. இதன் ஊதியம் சம்பளத்தில் வளர்வதில்லை, வாடிக்கையாளரிடத்தே வளர்கின்றது. புருவம் திருத்தவும் முடி வெட்டவும் வருவோர் ஒருவர் கைக்குப் பழகிவிட்டால் அக்கையைத் தேடியே வருவர். மணப்பெண் ஒப்பனைக்கும் அவரையே அழைப்பர். நம் பக்கத்தில் எளிய குடும்பத்து மணம் ஒன்றிற்கு 4,000 ரூபாய் பெற்று, பொருட்செலவு 1,200 போக 2,800 ரூபாய் எஞ்சுவதாகக் கொள்வோம். மாதம் இரண்டு மணமெனின் 5,600 ரூபாய்.

ஆனால் ஆண்டிற்குப் பன்னிரண்டு மாதமும் மணமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்து இல்லங்களில் மணமேளம் கேளாது. நம் சபைகளில் தபசு காலத்தில் மணம் நிகழ்வது அரிது. இரமலான் நோன்பு மாதத்தில் இசுலாமியர் இல்லங்களிலும் அவ்வாறே. ஆதலின் எட்டு மாதமே கணக்கிற் கொள்வோம். ஆண்டிற்கு 44,800 ரூபாய். இதனை முற்கூறிய 36,000 ரூபாயோடு கூட்ட, 80,800 ரூபாய். இவ்வழியில், முதலாண்டு கழிந்தபின் இரண்டாண்டு மூன்று மாதத்திற்குள் 1,81,200 ரூபாயும் ஈடாகிவிடும். ஐந்தாண்டை இரண்டேகாலாண்டாகச் சுருக்கியது சான்றிதழன்று, அவளை நம்பி வரும் வாடிக்கையாளரே என்பது தெளிவு.

திரைப்படத் துறையும் ஒரு வாயிலே. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் படப்பிடிப்புத் தளங்கள் உள. ஆயினும் ஒப்பனைக் கலைஞராகப் பெண்கள் உறுப்பினராதற்குத் திரைத்துறைச் சங்கம் நெடுங்காலம் இடங்கொடுக்கவில்லை. மகளிர் கூந்தல் மட்டும் முடிக்கலாம், முகத்திற்கு வண்ணம் தீட்டல் ஆடவர்க்கே உரியது என்றிருந்தது. சாரு குரானா என்னும் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தடையைச் சட்டத்திற்கு முரணானதெனத் தீர்த்தது. கல்வி கற்றிருந்தும் பெண் என்னுங் காரணத்தால் ஊதியம் மறுக்கப்பட்ட காலம் அவ்வளவு அண்மையது. கணக்குப் பார்ப்பார் இதனையும் நினைவிற்கொள்ளல் நன்று.

கட்டணமில்லாக் கல்வியின் விலை

நிற்க. அழகுக்கலை கற்றற்குப் பெருங்கட்டணப் பள்ளி ஒன்றே வழியோவெனின், அன்று. நடுவணரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ்த் தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது ஐ.டி.ஐ.க்களில், அழகுக்கலை ஓராண்டுத் தொழிற்பிரிவாக வைக்கப்பட்டுளது. அதன் பாடத்திட்டம் 1,200 மணி நேரம் உடையது. செய்முறைக்கு 840 மணியும், கோட்பாட்டிற்கு 240 மணியும், பணித்திறனுக்கு 120 மணியும் வகுத்துளர். தேர்வில் தேறினார்க்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணமில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையோடு மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், பேருந்துப் பயண அட்டை ஆகியனவும் விலையின்றி அளிக்கும் ஏற்பாடு உண்டு. அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியர் மேற்படிப்பிற் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது, ஐ.டி.ஐ. மாணவியரும் அதன்கண் அடங்குவர்.

இவற்றைக் கேட்டவுடன், செலவே இல்லாத கல்வி எனத் துள்ளினாள் நம் தோழி. நாமும் அவ்வாறே எண்ணினோம். பென்சிலோ வேறு கூறிற்று. ஓராண்டு கம்பெனிக்குச் செல்லாமையால் வாராதது 1,44,000 ரூபாய். உதவித்தொகைகள் இரண்டும் சேர்ந்து மாதம் 1,750, ஆண்டிற்கு 21,000 ரூபாய். கழித்தால் எஞ்சுவது 1,23,000 ரூபாய். கட்டணப் பள்ளியின் 1,57,200 ரூபாயோடு ஒப்பிடின், இலவசக் கல்வியும் அதனை நெருங்கிய செலவினதே. ஏழைகளின் காலத்திற்கு விலையில்லை என எண்ணுவோரே இலவசம் என்னுஞ் சொல்லை எளிதில் வழங்குவர்.

ஆயின் வேறுபாடு எங்குளது? இரண்டிடத்து உளது. முதலாவது, பயிற்சி மணி. துண்டுத்தாளிற் கண்ட பள்ளியில் வாரம் ஆறு நாள், நாள் ஒன்றிற்கு மூன்று மணி. 13 வாரத்திற்கு 234 மணி. 1,57,200 ரூபாயை 234-ஆல் வகுப்பின், மணி ஒன்றிற்கு ஏறத்தாழ 672 ரூபாய். அரசு நிலையத்தில் 1,23,000 ரூபாயை 1,200-ஆல் வகுப்பின், மணி ஒன்றிற்கு 102 ரூபாய் 50 காசு. கை பழகுதற்கு வேண்டுவது மணியேயாதலின், இவ்வெண்ணே மெய்யான விலை. இரண்டாவது, அடகு. முன்னதிற் கழிவது வீட்டில் இருந்த பொருள். பின்னதிற் கழிவது வரக்கூடியதாயிருந்த பொருள். கல்வி பயனின்றிப் போயின், முன்னதிற் சங்கிலி மீளாது. பின்னதில் ஓராண்டு போம், கடன் நில்லாது.

பிற நாட்டு நிலையும் நம் நிலையும்

அமெரிக்க நாட்டில் சாரா பிரீட்லவ் என்பவர் 1867-இல் பிறந்தார். அடிமைகளாயிருந்து விடுதலையெய்திய பெற்றோரின் மகளாகிய அவர் ஆடை வெளுத்துப் பிழைத்தார். பின்னர்க் கூந்தற் பராமரிப்புத் தொழிலில் இறங்கி, மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரால் அறியப்பெற்று, 1908-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பயிற்சிக் கல்லூரி கண்டார். 1919-இல் அவர் மறைவதற்குள் கறுப்பினப் பெண்கள் பலர் அவரிடம் தொழில் கற்றுத் தம் காலில் நின்றனர். வீட்டுவேலையன்றி வேறறியாத மகளிர்க்கு இக்கல்வி ஒரு வாயிலாதல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அந்நாட்டில் இன்று உரிமம் இன்றி இத்தொழில் செய்தல் இயலாது. அவ்வுரிமத்திற்கு இத்துணை மணி பயிலவேண்டும் என ஒவ்வொரு மாநிலமும் சட்டத்தால் வரையறுத்துளது. கலிபோர்னியா 1,600 மணியாக இருந்ததை 2022 முதல் 1,000 மணியாகக் குறைத்தது. நம் நாட்டில் அத்தகைய உரிமச் சட்டமில்லை. மூன்று நாள் கற்றவரும் பலகை மாட்டலாம். இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உள. சான்றிதழ் வாங்கப் பொருளில்லாதவரும் தொழில் செய்யலாம் என்பது நன்மை. எத்துணை மணி கற்பித்தல் வேண்டும் எனப் பள்ளிகளைக் கேட்பாரில்லை என்பது தீமை. சட்டம் கேளாத வினாவை நாமே கேட்டல் வேண்டும்.

கல்வி குறைந்தால் கேடு கற்றவர்க்கு மட்டுமன்று. முடிச்சாயங்கள் பலவற்றில் பாராபினைலீன்டையமின் என்னும் பொருள் உளது. அஃது ஒவ்வாதார்க்கு முகம் வீங்கும். ஆதலின் 48 மணி நேரத்திற்கு முன்னர்ச் சிறிதளவு தோலில் தடவிப் பார்த்தல் முறை. முடியை நேராக்கும் மருந்துகள் சில சூடேறுங்கால் பார்மால்டிகைடு ஆவியை வெளிவிடும்; அது புற்றுநோய் விளைக்கும் பொருளெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுளது. ஒருவர்க்குப் பயன்பட்ட சவரக்கத்தியைத் தூய்மை செய்யாது மற்றொருவர்க்கு எடுத்தலால் மஞ்சட்காமாலைக் கிருமி பரவுதலும் கூடும். இவற்றையெல்லாம் அறிந்து செய்தற்கே பள்ளி வேண்டும். புருவம் வளைத்தற்கு மட்டுமன்று.

ஓராண்டு காத்திருக்க இயலாதார்க்கு

மாதச் சம்பளம் இல்லாது ஓராண்டு கழிக்க இயலாத வீடுகள் உள. அவர்க்கு அரசு நிலையத்தைக் காட்டிவிட்டு நாம் வாளா இருத்தல் முறையன்று. மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் இயங்கும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், ஊரகத்தார்க்கு அழகு நிலையம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சியை உண்டியும் உறையுளுந் தந்து கட்டணமின்றி அளிக்கின்றன. ஆதிதிராவிடர் பழங்குடியினர் இளைஞர்க்குத் தாட்கோ வாயிலாக அழகுக்கலைப் பயிற்சிகள் நடைபெற்றதுண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி நிலையத்தார் பழகுநரை அமர்த்தி உதவித்தொகை தரலாம். அதன் ஒரு பகுதியை நடுவணரசு ஏற்கும் திட்டம் 2016-இல் வந்தது. தெருவிலுள்ள ஒற்றையறைப் பார்லரில் மாலையில் கைத்துணையாக நின்று கற்றலும் கல்வியே. அங்ஙனம் கற்றவர் தம் திறனைத் தேர்வால் மெய்ப்பித்துப் பின்னர்ச் சான்றிதழ் பெறுதற்கும் முன்னறிவை ஏற்கும் திட்டம் இடந்தருகின்றது.

எப்பள்ளியிற் சேர்வதாயினும், பணம் கட்டுமுன் இவ்வைந்தும் கேட்டறிக:

1. மொத்தம் எத்துணை மணி? அவற்றுள் பொம்மைத் தலையில் எத்துணை, மெய்யான மாந்தர் தலையில் எத்துணை?

2. ஓராசிரியர்க்கு எத்துணை மாணவர்?

3. வரியும் கருவிப் பெட்டியும் தேர்வுக் கட்டணமும் சொன்ன தொகையில் அடங்குமா?

4. சான்றிதழ் அளிப்பவர் யார்? அரசு ஏற்ற அமைப்பா, பள்ளி தானே அச்சிட்டுத் தருவதா?

5. இடையில் நின்றால் பணம் மீளுமா? வேலை தருவதாகக் கூறுவதை எழுதித் தருவரா?

நம் தோழி இவ்வைந்தனையும் எழுதிக்கொண்டு அப்பள்ளிக்கு மீண்டுஞ் சென்றாள். முதல் வினாவிற்கு விடை கிடைத்திலது. ஐந்தாவதற்கு, வேலை வாங்கித் தரப்படும் என்று எழுதுமாறு வேண்டினாள். வேலை பெற உதவி செய்யப்படும் என்று எழுதித் தந்தனர். அவ்விரு தொடர்க்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் பயில்வார்க்கு நாம் விளக்க வேண்டா.

தாயார் சொல்லிய திருத்தம்

அன்று மாலை அவர்தம் இல்லத்துத் திண்ணையில் இக்கணக்கை நாம் படித்துக் காட்டினோம். ஆடவர் எவரும் பேசவில்லை. தாயார் மட்டும் தாளை வாங்கி, கம்பெனிச் சம்பளம் 12,000 ரூபாய் என்ற இடத்தில் விரல் வைத்தனர். “இது எனக்கு வரும் சம்பளத்திற்கு அதிகம் குறைவில்லை, பாப்பா. பதினான்கு வருடம் தைத்த பிறகு எனக்கு வருவதைச் சொல்கிறேன். அந்தக் கதவை விட்டு வெளியே வந்தால் என்னோடு ஒரு சட்டைக்காரரும் வரமாட்டார். இவள் செய்யப்போகும் வேலையில் கடையை விட்டு வந்தாலும் ஆட்கள் கூட வருவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாயே, அதற்கு என்ன விலை போட்டாய்?” என்று வினவினர்.

நாம் விலை போட்டிருக்கவில்லை. கம்பெனி ஊதியம் பதினான்காண்டிலும் பெரிதும் ஏறாது என்பதையும் கணக்கிற் கொண்டிலோம். முதற்குறள் கூறிய மூன்றனுள் மூன்றாவதன் பொருள் நமக்கு வகுப்பறையில் விளங்கியதினும் அத்திண்ணையில் நன்கு விளங்கிற்று. கழிவதும் வருவதும் தாளில் அடங்கும், வளர்வது அடங்குவதில்லை. ஆயினும் வளர்வதை நம்பிக் கழிவதைக் கண்மூடி விடுதலும் ஆகாது. ஆகவே நாம் கண்ட முடிவு இது: கற்பதற்குக் காலத்தைச் செலவிடுக, நகையைச் செலவிடற்க. கை பழகி, வாடிக்கையாளர் நம்பி வரும் நாளில் ஓரறை திறத்தற்கு அந்நகை முதலாகட்டும். நாற்காலியும் கண்ணாடியும் நீராவிக் கருவியும் வாங்க அன்று பொருள் வேண்டும். முத்ரா திட்டத்தின் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெறலாம். சிறுபான்மையினர்க்கு டாம்கோவும் கடனளிக்கின்றது. அழகு நிலையப் பணிகளின் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டினின்று 5 விழுக்காடாயிற்று. ஆண்டு வரவு 20 இலட்சத்திற்கு உட்பட்ட சிறு நிலையங்கள் அவ்வரிப் பதிவிற்கும் உட்படா. சிறு முதலுடையார்க்கு இத்தொழிலின் வாயில் அடைபட்டதன்று. கட்டணத்திலேயே முதலை இழந்துவிட்டார்க்குத்தான் அது தொலைவு.

அவள் ஆகஸ்டு மாதத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிற் சேர்ந்தாள். தந்தையார் மாதம் நான்கு ஞாயிறும் மிகைநேர வேலைக்குச் செல்கின்றார். அதுவும் இக்கல்வியின் செலவில் ஒரு பகுதியே என்பதை நாம் எழுதாது விடுதல் நேர்மையன்று. தாயார் கழுத்திற் சங்கிலி அங்கேயே உளது.

சென்ற வாரம் அவள் நூலும் கையுமாக நம்மில்லம் வந்து, பழகுதற்கு ஒரு முகம் வேண்டும் என்றாள். மறுக்க இயலவில்லை. இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இவ்வேளையில் நம் இடப்புருவம் வலப்புருவத்தினும் சிறிது மெலிந்திருத்தலைக் கண்ணாடியிற் காண்கின்றோம். அதனால் நமக்கு வருத்தமில்லை. 1,200 மணியில் அவளுக்கு இன்னும் பல மணி எஞ்சியுள்ளன.